துறைமுகப் பட்டறையும் சேர்வோ மோட்டாரும்

திருகோணமலையின் சிறப்பைப் பேசுவோர் கோணேசர் கோயிலையும் இயற்கைத் துறைமுகத்தின் ஆழத்தையும் கூறி அமைந்துவிடுவர். அத்துறைமுகத்தைச் சார்ந்து வாழும் உலோகப் பட்டறைகளைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. பிரித்தானியக் கடற்படை 1957இல் வெளியேறும்வரை கப்பல் திருத்தும் தளமொன்று இங்கே இயங்கியது. பின்னர் துறைமுகத்தைச் சூழ மாவாலையும் சீமெந்து ஆலையும் எழுந்தன. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலே பலநாட் படகுகள் வந்து கட்டுகின்றன. இவை ஒவ்வொன்றும் தண்டு கடையவும், புரி வெட்டவும், தேய்ந்த புஷ்ஷை மாற்றவும் இறுதியில் ஒரு கடைசற்பொறியின் முன்னேதான் வந்து நிற்கின்றன.

லேத் எனப் பட்டறைகளில் வழங்கும் அப்பொறி பெரும்பாலும் பழையது. அதன் வார்ப்பிரும்புப் படுகை நன்னிலையில் இருக்க, திருகாணியும் பற்சில்லுகளும் தேய்ந்துபோயிருக்கும். கணினியாற் கட்டுப்படும் புதிய பொறியை, அதாவது சி.என்.சி. பொறியை வாங்குதல் சிறு பட்டறைக்கு எட்டாக் கனி. எனவே உடலை வைத்துக்கொண்டு, கைச்சக்கரங்களுக்குப் பதிலாக மோட்டார்களைப் பூட்டிப் பழைய பொறியைப் புதுக்கும் வழி நாடப்படுகிறது. இதனை ஏழையின் ஒப்பேற்றல் என்று இகழ்தல் தகாது. 1952இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார் உலகுக்குக் காட்டிய முதலாவது எண்வழிக் கட்டுப்பாட்டுப் பொறியே, சின்சினாட்டி நிறுவனத்தின் துருவற்பொறியொன்றை மாற்றியமைத்துச் செய்யப்பட்டதுதான்.

சேர்வோ என்னும் சொல்லும் துறைமுக நகரொன்றுக்கு அந்நியமானதன்று. பிரெஞ்சுப் பொறியியலாளர் யோசப் பார்க்கோ 1873இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் அச்சொல் இடம்பெற்றது. அவர் கருதியது கப்பலின் சுக்கானைத் திருப்பும் நீராவிப் பொறியை. மாலுமி சக்கரத்தை எவ்வளவு திருப்பினானோ, சுக்கான் உண்மையில் எவ்வளவு திரும்பியதோ, அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே பொறியை இயக்கும். வேறுபாடு அற்றதும் பொறி ஓய்ந்து நிற்கும். ஆணைக்குப் பணிந்தியங்கும் பொறி என்பது அப்பெயரின் கருத்து. இன்றைய சேர்வோ மோட்டாரின் முதுகில் இருக்கும் குறியாக்கி தண்டின் நிலையை ஓயாது அறிவிக்க, செலுத்தி, அதாவது பட்டறைகளில் ட்றைவ் என்று கூறப்படும் இலத்திரனியற் பெட்டி, ஆணையையும் நிலையையும் ஒப்பிட்டு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. நீராவி போய் மின் வந்ததேயன்றித் தத்துவம் மாறவில்லை.

விலை மலிந்த ஸ்ரெப்பர் மோட்டாருக்கு இவ்வறிவு இல்லை. நூறு படி நகருமாறு பணித்தால் நூறும் நகர்ந்ததாகவே அது கொண்டுவிடும். வெட்டுக்கத்தி இறுகி இரண்டு படி தவறினால் அதனைச் சொல்ல யாருமில்லை. மரத்தைச் செதுக்கும் பொறிக்கு இக்குறை பெரிதன்று. ஆனால் துருப்பிடியா உருக்குத் தண்டிலே புரி வெட்டும்போது கத்தி அரை மில்லிமீற்றர் விலகினால், ஒரு நாள் உழைப்பும் தண்டின் விலையும் சேர்ந்து போகும். படகும் கரையிலேயே கிடக்கும். சேர்வோ செலுத்தியோ பிழை எல்லை மீறியதும் அறிகுறி தரும். அவ்வறிகுறியைப் பொறியை நிறுத்தும் சுற்றோடு இணைக்காது விடுவோரும் உளர். அவர்கள் சேர்வோவுக்கு விலை கொடுத்து ஸ்ரெப்பரைப் பெற்றவராவர்.

மோட்டாரின் பருமனைத் தெரிவதில் அச்சமே பெரும்பாலும் ஆலோசகனாக அமைகிறது. கத்தியைத் தாங்கும் வண்டியை 2000 நியூற்றன் விசையோடு நகர்த்த வேண்டுமெனக் கொள்ளலாம். திருகாணி ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் முன்னேறுவதாயின், விளைத்திறன் முப்பது சதவீதமான பழைய திருகாணிக்கு ஏறத்தாழ 5.3 நியூற்றன் மீற்றர் முறுக்கம் வேண்டும். அதே இடத்தில் குண்டுகள் உருளும் போல் ஸ்குரூ இருந்தால் 1.8 போதும். நிமிடத்துக்கு 600 சுற்று என்னும் வேகத்தில் முன்னதற்கு 330 உவாற்றும் பின்னதற்கு 110 உவாற்றும் செலவாகும். பெரிய மோட்டாருக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல திருகாணிக்குக் கொடுத்தல் அறிவுடைமை என்பதை இக்கணக்கே காட்டும். ஆயினும் பழைய திருகாணியிடம் ஒரு நற்குணம் உண்டு: மின் நின்றாலும் அது பின்னோக்கிச் சுழலாது. போல் ஸ்குரூ சுழன்றுவிடும். ஆகவே நிலைக்குத்தாக இயங்கும் அச்சுக்குத் தடுப்புள்ள மோட்டார் வேண்டும்.

செலுத்தியையும் மோட்டாரையும் தெரிந்த பின், மிஞ்சிய பணத்தில் வலுவழங்கியை வாங்குவதே வழமை. இவ்வொழுங்கு தலைகீழானது. செலுத்தியின் பண்புகள் ஒசாக்காவிலும் திருகோணமலையிலும் ஒன்றே. பவர் சப்ளை என்னும் வலுவழங்கியோ, ஊரின் மின்கம்பியில் ஒரு கையையும் பொறியில் மறு கையையும் வைத்திருப்பது. ஊரை அறியாமல் அதனைத் தெரிய இயலாது.

80 வோல்ற்று வரை தாங்கும் நேரோட்டச் செலுத்தியொன்றை எடுத்துக்கொள்ளலாம். 50 வோல்ற்று தரும் நிலைமாற்றியைச் சீராக்கியோடு இணைத்தால் கொள்ளளவியில் ஏறத்தாழ 70 வோல்ற்று நிற்கும். பத்து வோல்ற்று இடைவெளி இருப்பதால் ஆபத்தில்லை என்றே தோன்றும். ஆனால் இலங்கையில் 230 வோல்ற்று வழங்கல் ஆறு சதவீதம் கூடவோ குறையவோ விதி இடந்தருகிறது. கூடியவிடத்து 70 என்பது 75 ஆகும். சுமையில்லாத நிலைமாற்றி தன் பெயர்ப்பலகையில் உள்ளதிலும் சில சதவீதம் கூடவே தரும். பொறி சும்மா நிற்கும்போதே எல்லை நெருங்கிவிடுகிறது.

இனி ஓடும் பொறி நிற்பதைப் பார்க்கலாம். சேர்வோ மோட்டார் வேகத்தைக் குறைக்கும்போது தானே மின்பிறப்பாக்கியாகி, சுழற்சியின் சக்தியைக் கொள்ளளவிக்குத் திருப்பி அனுப்புகிறது. மோட்டாரும் திருகாணியும் சேர்ந்து 0.002 கிலோகிராம் சதுர மீற்றர் சடத்துவத் திருப்பம் உடையனவாய் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால், அவற்றிடம் ஏறத்தாழ 44 யூல் சக்தி உண்டு. 70 வோல்ற்றில் நிற்கும் 10,000 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியில் இருப்பதோ 24.5 யூல் மட்டுமே. உராய்விலும் சுருளிலும் பாதி அழிந்து எஞ்சிய 22 யூல் வந்து சேர்ந்தாலும் வோல்ற்றளவு 96ஐத் தொடும். 80 தாங்கும் செலுத்தி அக்கணமே கருகும். குற்றம் செலுத்தியின் தலையிற் சுமத்தப்படும், அதே வகையில் இன்னொன்று வாங்கப்படும், அதுவும் கருகும். 40 வோல்ற்று நிலைமாற்றியைத் தெரிந்து உச்ச வேகத்தில் ஐந்திலொரு பங்கை விட்டுக்கொடுத்து, மிகைச் சக்தியை வெப்பமாக்கும் தடையியொன்றையும் பூட்டினால் இவ்வழிவு நேராது. கணினிகளுக்கெனச் செய்த சுவிச்சு முறை வலுவழங்கிகள் மலிவானவையேனும், திரும்பிவரும் சக்தியை ஏற்கமாட்டா. மிகை வோல்ற்றளவைக் கண்டதும் பல தாமே அணைந்துவிடும்.

அமெரிக்கக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவோர் மற்றொரு கண்ணியில் விழுகின்றனர். அங்கே மின்னின் அதிர்வெண் 60, இங்கே 50. பத்து அம்பியர் சுமையில் வோல்ற்றளவின் அலைவு ஏழு வோல்ற்றுக்குள் அடங்க வேண்டுமாயின், அங்கே 12,000 மைக்குரோபரட்டு போதும்; இங்கே 14,300 வேண்டும். 60க்கென மட்டும் சுற்றிய நிலைமாற்றி இங்கே சூடேறித் தவிக்கும். யப்பானிலிருந்து வரும் பழைய பொறிகள் 200 வோல்ற்று மும்முனை மின்னுக்கு உரியவை. இங்குள்ள 400 வோல்ற்று மும்முனையை அவற்றிற்கு நேரே கொடுத்தால் சீராக்கியின் பின்னே 560 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். அதற்குப் பின் தெரிவு செய்ய எதுவும் எஞ்சியிராது.

மின்வெட்டையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் நிறுத்தப்பட்டதை இத்தீவில் யாரும் மறந்திரார். புரி வெட்டுகையில் மின் போனால், தண்டைச் சுழற்றும் பெரிய தலை தன் சடத்துவத்தால் மேலும் சில சுற்று சுழலும். கத்தியோ நின்ற இடத்தில் நின்று தண்டைக் குதறும். கட்டுப்பாட்டுக் கணினிக்கு மின்கலத்தோடு கூடிய தனி வலுவழங்கி வைத்து, மின் தளர்வதை முன்னரே உணர்ந்து கத்தியைப் பின்வாங்கச் செய்வதே தக்க வழி. அச்சிறு பின்வாங்கலுக்கு வேண்டிய சக்தியைப் பெரிய கொள்ளளவியே கொடுத்துவிடும். அதே ஆண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. 200 டொலர்ச் செலுத்தி 40,000 ரூபாவிலிருந்து 72,000 ஆயிற்று. ஒரு செலுத்தி கருகுவது சிறு பட்டறைக்கு இப்போது சிறு இழப்பன்று.

கடலும் தன் பங்கைக் கேட்கிறது. வாடைக் காலத்து ஈரமும் உப்பும் சுற்றுப்பலகையிற் படிந்து செம்பை அரிக்கும். அதற்கஞ்சிப் பெட்டியை இறுக மூடினால், கச்சான் வீசும் மாதங்களில் உள்ளே வெப்பம் அடைபடும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் மின்பகு கொள்ளளவியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. காற்றுத் துளைகளை வடிதுணியால் மறைத்து, விசிறியால் உள்ளே அழுத்தம் சற்று மிகுமாறு செய்து, பலகைகளுக்குக் காப்பு மெழுகு பூசுதல் நடைமுறையில் உதவும். வெப்பத்தைக் கக்கும் தடையியைப் பெட்டிக்கு வெளியே, கம்பி வலைக்குள் வைத்தல் வேண்டும். வடிதுணியைத் திங்களுக்கொருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். கச்சான் காலத்தில் வாரத்துக்கொருமுறை.