சட்டத்தரணியைக் காணுமுன்

திருகோணமலை உட்துறைமுக வீதியிலும் உவர்மலையிலும் பூர்வீக வீடுள்ள பலர் இன்று கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். ஊருக்கு வரும்போது, "அப்பா வீட்டைப் பிள்ளைகளுக்கென்று பெரியப்பாவின் பொறுப்பில் விட்டார், சட்டத்தரணியிடம் எதைக் கொண்டுபோவது?" என்று கேட்கின்றனர். நீதிமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற அளவில் சொல்கிறேன்.

அந்தப் பொறுப்பு எழுத்தில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியைப் பொறுத்தவரை அது பொதுவாக மரணசாசனத்தாலோ நொத்தாரிசு உறுதியாலோ ஏற்பட்டிருக்க வேண்டும். 1990இல் ஓடியபோது பிள்ளைகளைத் தூக்கியவர்கள் உறுதிப் பெட்டியைத் தூக்கவில்லை. கலங்க வேண்டாம், நொத்தாரிசின் பெயரும் உறுதி இலக்கமும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம்.

அடுத்து, ஒரு தாளில் ஆண்டுவாரியாக எழுதுங்கள்: யார் எப்போது இறந்தார், நீங்கள் எப்போது வெளியேறினீர்கள், இன்று வீட்டில் இருப்பவர் யார், எப்போதிருந்து, யாருடைய அனுமதியில். கடைசிக் கேள்விதான் முக்கியம். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்தாண்டுகள் தடையின்றி, எவருடைய உரிமையையும் ஏற்காமல் ஆண்டவர் காணியைத் தனதெனக் கோரலாம். அனுமதியுடன் குடியிருப்பவரின் நிலை வேறு.

யுத்தத்தால் திரும்ப முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. அச்சலுகைக்கும் கால எல்லை உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று முதற் சந்திப்பிலேயே கேளுங்கள். 2009க்குப் பின்னரும் பத்தாண்டுகள் கடந்துவிட்டன.

பெரியப்பா உயிரோடிருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். உங்களுக்குப் பாதகமான கடிதம் இருந்தால், அதையும் மறைக்காமல் கொண்டுபோங்கள்.