கூண்டு வண்டியும் வீட்டு வண்டியும்: கரிசல் பாதைக்கு எது சரி?

கேள்வி: எங்களுக்கு ஏழு ஏக்கர் மானாவாரி. மிளகாயும் உளுந்தும் போடுகிறோம். பங்குனியில் வேலை ஓய்ந்ததும் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நாலு ஊர் பார்த்து வர ஆசை. லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது. வெளிநாட்டில் இருப்பது போல, பழைய லோடு வண்டி ஒன்று வாங்கி, பின்னால் கூண்டு கட்டி, படுக்கை போட்டு வீட்டு வண்டியாக்கலாமா? எங்கள் ஊர்ப் பாதை மோசம். எந்த வண்டி தாங்கும்?
– ஒரு வாசகர், புதூர் வட்டாரம், விளாத்திகுளம்

பதில்: காய்ப்புழுவுக்கு என்ன மருந்து, உளுந்தில் மஞ்சள் தேமல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே இது வந்தது. வண்டியைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும் என்று முதலில் தோன்றியது. ஆனால் வேளாண்மைத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து அதிகம் பார்த்தது பயிரையா, பாதையையா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டு வண்டி நமக்குப் புதிது இல்லை. என் சிறுவயதில், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிப் போவோம். வைப்பாற்றுக்கும் அர்ச்சுனா நதிக்கும் இடையில் இருக்கிறது அந்தக் கோயில். அதே வைப்பாறுதான் கீழே விளாத்திகுளத்தைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. எங்கள் ஊரிலிருந்து வண்டிக்கு ஒரு இரவும் அரைப் பகலும் ஆகும். உள்ளே ஆச்சியும் சின்னப் பிள்ளைகளும். வண்டிக்கு அடியில் சாக்கில் சோளத்தட்டை, பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. பின்னால் அரிசி, பருப்பு, ஒரு குடம் தண்ணீர். ராத்திரி ஆற்று மணலில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூன்று கல் வைத்துச் சோறு பொங்குவோம். பெண்கள் வண்டிக்குள் படுப்பார்கள், ஆண்கள் வண்டிக்கு அடியில். மறுநாள் பொங்கல் வைத்து, மொட்டை போட்டுத் திரும்புவோம்.

அந்த வண்டியை யாரும் அளவெடுத்துப் படம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் கரிசலுக்கு என்ன வேண்டுமோ அது அதில் இருந்தது. சக்கரம் பெரியது. அச்சு தரையிலிருந்து உயரத்தில் இருந்தது. ஏற்றிய பாரம் கொஞ்சம். ஆள் உட்காரும் இடத்தில் ஆள், சரக்கு வைக்கும் இடத்தில் சரக்கு. மழை பிடித்தால் வண்டி கட்டவே மாட்டார்கள். இன்று மோட்டார் வண்டி வாங்கும்போதும் இந்த ஐந்தையும் பார்த்தால் போதும்.

முதலில் மண்ணைப் பாருங்கள்

உங்கள் பாதையை நான் அறிவேன். கரிசலில் இருக்கும் களி, மான்ட்மோரில்லோனைட் என்ற வகை. நீர் பட்டால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். வைகாசியில் கால் நுழையும் அளவு வெடிப்பு விடுகிற அதே மண், ஐப்பசியில் பசை போல் ஆகிவிடும். அதன்மேல் போட்ட ரோடும் கூடவே ஏறி இறங்கும். புதிதாகப் போட்ட தார்ச்சாலை இரண்டு மழைக்குள் அலை அலையாகக் கிடப்பது ஒப்பந்தக்காரரால் மட்டும் வருவதில்லை, மண்ணும் ஒரு காரணம்.

ஒரு கார்த்திகையில் மக்காச்சோளத்தில் படைப்புழு பார்க்க அலுவலக ஜீப்பில் போனோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதானே என்று ஓட்டுநரை வற்புறுத்தி வண்டிப்பாதையில் இறக்கச் சொன்னவன் நான். ஐம்பது அடி போவதற்குள் மண் டயரில் சுற்றி மட்கார்டு வரை அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றவே இல்லை. "சார், கரிசல் நனைஞ்சா நம்ம செருப்பே ரெண்டு கிலோ ஆயிரும். இதுல நாலு சக்கரம் இழுத்தா என்ன, நாப்பது சக்கரம் இழுத்தா என்ன?" என்றார் ஓட்டுநர். டிராக்டர் வந்து இழுத்தபோது மணி ஏழு.

ஆகவே அதிக விலை கொடுத்து நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கினால் எங்கும் போகலாம் என்று நம்ப வேண்டாம். ஈரக் கரிசலில் அது பத்தடி கூடுதலாக உள்ளே போய் மாட்டும். நமக்கு ஊர் சுற்ற நேரம் கிடைப்பதே அறுவடை முடிந்து, புரட்டாசி விதைப்புக்கு முன்னால்தான். அப்போது பாதை காய்ந்து கிடக்கும். அந்தக் காலத்துக்குப் பின்சக்கர இழுவை வண்டி போதும். கோடை மழை ஒன்று அடித்தாலும், மண் வெளிறும்வரை ஒருநாள் காத்திருங்கள்.

எந்த வண்டி?

நீங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார வேண்டும். இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டாடா ஏஸ் போன்ற சிறிய சரக்கு வண்டி 2005-இல் வந்தது. குட்டியானை என்று நம் மக்கள் பெயரே வைத்துவிட்டார்கள். மிளகாய் மூட்டைக்கு நல்ல வண்டி. ஆனால் சக்கரம் 12 அங்குலம்தான், பள்ளத்தில் முழுதாக இறங்கும். முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். மற்ற மூன்று பேர் எங்கே?

மாருதி ஈக்கோ, 2019-இல் தயாரிப்பு நின்றுபோன பழைய ஆம்னி போன்ற சின்ன வேன்கள் விலை குறைவு, பழுது பார்க்கவும் எளிது. ஐந்து சீட் ஈக்கோவில் பின்னால் சாமான் வைக்க நல்ல இடம் உண்டு. ஆனால் தரை உயரம் குறைவு. தார்ச்சாலைக்கும் காய்ந்த சரளைப் பாதைக்கும் சரி. தரைப்பாலம் உடைந்த ஓடைகளில் அடி தட்டும்.

மகிந்திரா பொலிரோ வகை உயரமான வண்டி. கனமான இரும்புச் சட்டம், 15 அங்குலச் சக்கரம், பின்னால் பட்டை வில். அதிலேயே பொலிரோ கேம்பர் என்று ஒன்று உண்டு. முன்னால் நான்கு கதவு வைத்த அறையில் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த சரக்குத் தொட்டி. வெள்ளாமைக் காலத்தில் மூட்டை ஏற்றலாம், கோடையில் படுக்கை சாமான் ஏற்றலாம். உங்கள் நிலைமைக்கு நான் கைகாட்டுவது இதுதான். பழைய வண்டி வாங்கினால் எத்தனை இருக்கை, என்ன வகை என்று ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய கேரவன்களும் நம் நாட்டில் ஓடுகின்றன. கேரள அரசு 2021-இல் இதற்கென்றே சுற்றுலாத் திட்டம் அறிவித்தது. அவை நல்ல சாலையில் போய், தயாராக இருக்கும் இடத்தில் நிற்பதற்கானவை. நம் ஊர் ஒற்றைப் பாதையில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கவே முடியாது.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு டேப்பைக் கொண்டு போங்கள். குடும்பத்தையே உட்கார வைத்து, தரைக்கும் வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த பாகத்துக்கும் இடைவெளி அளந்து பாருங்கள். பின் அச்சின் நடுக்குண்டு பாரம் ஏற்றினாலும் இறங்காது. இறங்குவது சைலன்சரும் அடித்தட்டும்தான். பாரத்தோடு 7 அங்குலம் இருந்தால் நம் பாதைக்கு ஓரளவு தைரியமாகப் போகலாம்.

பிறகு எடைக் கணக்கு. ஐந்து பேர் சராசரி 60 கிலோ என்றால் 300 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, 60 லிட்டர் 60 கிலோ. படுக்கை, படுதா 40 கிலோ. அடுப்பு, பாத்திரம், அரிசி 50 கிலோ. ஆக 450 கிலோ. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். அதற்குள் அடங்க வேண்டும். இரும்புத் தகட்டில் கூண்டு கட்டி, கட்டில் அடித்தால் அதுவே ஒரு மூட்டைப் பாரத்தைத் தின்றுவிடும். தண்ணீர்க் கேனைக் கூரைமேல் கட்டாதீர்கள். பாரம் மேலே ஏறினால் வண்டி சாயும். தரையோடு, பின் அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள்.

நான் கட்டிவிட்ட படுதா

லோடு வண்டியின் பின்னால் குடும்பத்தை ஏற்றுவது பற்றி இப்போது சொல்ல வேண்டும். நம் பக்கம் காதுகுத்து, மொட்டை என்றால் அப்படித்தான் போகிறோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் சித்தப்பா மகன், தன்னுடைய சின்ன லோடு வண்டியில் பதின்மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினான். வெயில் படாமல் இருக்கட்டும் என்று படுதாவை இழுத்துக் கட்டிவிட்டவன் நான்தான். முந்தின நாள் ஒரு மழை பெய்திருந்தது. எதிரே பஸ் வர, தம்பி இடதுபக்கம் ஒதுங்கினான். தார் முடிந்து கரிசல் தொடங்கும் ஓரத்தில் சக்கரம் இறங்கியது. மண் விட்டுக்கொடுத்தது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்ததாம். ஆனால் பிடித்துக்கொள்ள உள்ளே ஒன்றும் இல்லை. சித்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு பையனுக்குக் கை. உயிர் போகாதது எங்கள் நல்ல காலம்.

காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தோம். காயம்பட்டவர்களுக்குப் பணம் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகும் பயணிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. சரக்கோடு போகும் சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோதான் அந்தப் பாதுகாப்பு உண்டு. மூட்டையோடு சந்தைக்குப் போகும் விவசாயி வேறு, மொட்டை போடப் போகும் குடும்பம் வேறு. தம்பி இரண்டு ஏக்கர் கரிசலை விற்று ஆஸ்பத்திரிக் கணக்கை அடைத்தான். சித்தி இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். எனக்குச் சட்டம் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் பதின்மூன்று பேர் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது என் கண்ணுக்குத் தெரிந்ததே.

அதனால் கூண்டு கட்டி உள்ளே ஆள் ஏற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. லேத் பட்டறையில் வெல்டிங் வைப்பதற்கு முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். எளிய வழி, வண்டியை மாற்றாமல் இருப்பதுதான். ஓடும்போது தொட்டியில் சாமான் மட்டும். நின்றபிறகு சாமானை இறக்கி, பலகை போட்டு, கொசுவலை கட்டி அம்மாவும் பிள்ளைகளும் படுக்கட்டும். பக்கவாட்டில் படுதா இழுத்துக் கட்டினால் நீங்கள் வெளியே படுக்கலாம். கூண்டு வண்டிக் காலத்திலும் அப்படித்தானே!

வேளாண் அலுவலராக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பூச்சிமருந்து, உரம் ஏற்றிய தொட்டியில் அப்படியே பாய் விரிக்காதீர்கள். சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவி, நல்ல வெயிலில் காயவிட்டு, பழைய சாக்கு எதையும் விட்டுவைக்காமல் எடுத்த பிறகு படுங்கள். அரிசிப் பானையும் மருந்து டப்பாவும் ஒரே பயணத்தில் வேண்டவே வேண்டாம். கேஸ் அடுப்பை வண்டிக்குள் பற்றவைக்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையிலேயே தங்கும். மூடிய வண்டியில் ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிருக்கு ஆபத்து.

முதல் பயணம்

முதல் தடவையே கொடைக்கானலுக்குக் கிளம்ப வேண்டாம். விளாத்திகுளத்திலிருந்து வேம்பார் பக்கம் ஒரு இரவு போய்ப் பாருங்கள். கரிசல் முடிந்து பனங்காடும் மணலும் தொடங்கும் இடம். கோடையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவார்கள். பனையேறும் குடும்பங்கள் தோப்பிலேயே குடிசை போட்டுத் தங்கி வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அவர்களிடம் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்துங்கள். காய்ந்த பனை மட்டை விழும் மரத்தடியில் நிறுத்தாதீர்கள்.

மணலில் மாட்டினால் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் புதையும். டயரில் மூன்றில் ஒரு பங்கு காற்றை இறக்கி, முன்னால் இருக்கும் மணலைக் கையால் தள்ளி, மெதுவாக எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்றை நிரப்ப வேண்டும். ஆகவே கைப்பம்பு ஒன்று, மண்வெட்டி ஒன்று, நல்ல கயிறு ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். உப்பளப் பாதையில் போய்வந்தால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு தொட்ட இரும்பு அடுத்த கோடைக்குள் துரு ஏறிவிடும்.

போன வைகாசியில் சித்தியை வேம்பாருக்குக் கூட்டிப்போனோம். நான்கு கதவு வண்டி, ஜன்னலோரம் சீட், பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். பதநீர் குடித்துவிட்டு, "அன்னைக்கும் இப்படி ஒக்கார வச்சிக் கூட்டிப் போயிருக்கலாமுல்ல?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கேள்வி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.