கரும்பலகையின் முன்னால்

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையில், குற்றாலத்துக்குப் பக்கத்தில், வல்லம் என்று ஓர் ஊர். கணித மேதை எஸ். எஸ். பிள்ளை - முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை - 1901இல் பிறந்தது அங்கேதான். செங்கோட்டைப் பள்ளி, பிறகு நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை. 1929இலிருந்து 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். எண் கணிதம் தெரிந்தவர்களுக்கு உலகத்தின் எந்த மூலையிலும் இந்தப் பெயர் தெரியும். என் கவுண்ட்டருக்கு வரும் வல்லத்துக்காரர்கள் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். நகைக்கடன் புதுப்பிக்க வந்த இடத்தில் இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கே அவரைச் சொல்லித்தந்தது அக்கா மகளின் புராஜக்ட்தான்.

அவள் எம்.எஸ்ஸி. கணிதம், கடைசி செமஸ்டர். நம் பக்கத்துக் கல்லூரிகளில் இப்போது முதுகலை முடிக்கிறவர்கள் புராஜக்ட் ஒன்று தயாரித்து, பைண்டு செய்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னிலையில் அதைப் பற்றிப் பேச வேண்டும். வைவா என்கிறார்கள். சென்ற ஏப்ரலில், அருவிகள் வெறும் கறுப்புப் பாறையாக நின்ற ஒரு மாலையில், அவள் சாக்பீஸோடு மொட்டைமாடிக்கு வந்தாள்.

“மாமா, நாளைக்கு வைவா. நான் சொல்லுதத ஒருக்க கேளுங்க.”

“எனக்கு என்னட்டி தெரியும்? நான் கணக்குக்குப் பயந்துலா இங்கிலீஷ் படிச்சேன்.”

“அதுக்குத்தான் கேக்கச் சொல்லுதேன். தெரியாதவங்களுக்குப் புரியுதான்னு பாக்கணும்லா.”

தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் சுவர்தான் கரும்பலகை. 1770இல் வாரிங் என்ற ஆங்கிலேயர் சொன்ன விஷயத்தில் ஆரம்பித்தாள். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டிக் காட்டிவிடலாம். கனங்களென்றால் ஒன்பது போதும். நாலாம் அடுக்கென்றால் பத்தொன்பது. இப்படியே மேலே போகலாம். வாரிங் நிரூபணம் எதுவும் தரவில்லை. விமர்சகரைப் போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேலே எந்த அடுக்கானாலும் இப்படி ஓர் எல்லை உண்டு என்பதை ஹில்பர்ட் நிரூபிக்க 1909 ஆயிற்று. அந்த எல்லை எத்தனை என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் பிள்ளையும் அமெரிக்காவில் டிக்ஸனும் முப்பதுகளில், ஒருவரைச் சாராமல் ஒருவர், பெரும்பாலான அடுக்குகளுக்கு விடை கண்டார்கள். ஆறாம் அடுக்கு மட்டும் முரண்டு பிடித்தது. 1940இல் பிள்ளை அதையும் முடித்தார். விடை 73.

“ஏன் 73? 72 போதாதா?” என்றேன். ஏதோ கேட்கவேண்டுமே என்று கேட்டது.

அவள் முகம் மலர்ந்தது. சுவரில் 703 என்று எழுதினாள். ஆறாம் அடுக்குகள் என்னென்ன? 1, 64, அடுத்தது 729. 729 என்பது 703ஐவிடப் பெரிது, ஆகவே கைக்கு எட்டாது. மிச்சமிருப்பவை 64ம் 1ம்தான். 64ஐப் பத்துத் தடவை எடுக்கலாம்: 640. பதினொன்றாவதுக்கு இடமில்லை. பாக்கி 63, அதை ஒன்று ஒன்றாகத்தான் நிரப்ப வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் எழுபத்து மூன்று. குறைக்க வழியே இல்லை. “இது சின்ன விஷயம் மாமா. மத்த எந்த எண்ணுக்கும் 73க்கு மேல வேண்டாம்ங்கறதுதான் கஷ்டம். அதத்தான் பிள்ளை செஞ்சாரு. அது எனக்கு முழுசாப் புரியல.”

புரிந்த இடத்துக்கும் புரியாத இடத்துக்கும் நடுவே இவ்வளவு துல்லியமாகக் கோடு கிழிக்கிற ஒரு பிரக்ஞையை நான் இலக்கியக் கூட்டங்களில் அதிகம் சந்தித்ததில்லை.

மறுநாள் நடந்ததை அவள் சொல்லித்தான் அறிந்தேன். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. வேறு கல்லூரிகளில் படித்தவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார்கள். நாலு பேர் கொண்ட குழு. பவர்பாயிண்டில் முப்பது ஸ்லைடு. அகர வரிசைப்படி பங்கு பிரித்ததில் இவளுக்கு வாய்த்தது முடிவுரையும் நூற்பட்டியலும். 703 வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அவள் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள், தவறில்லாமல். தேர்வாளர் கேட்டது நான் கேட்ட அதே கேள்விதான்: ஏன் 72 போதாது? அந்தப் பெண் திரும்பி ஸ்லைடைப் பார்த்தாள். இவள் வாயைத் திறந்தாள். கேள்வி உனக்கில்லை என்று ஓர் ஆசிரியை கையமர்த்தினார். மணி பன்னிரண்டு, வெளியே இன்னும் எட்டுக் குழுக்கள், தேர்வாளருக்குத் திரும்பிப் போகப் பஸ். நாலு பேருக்கும் ஒரே மார்க், நல்ல மார்க்.

விட்டிருந்தால் தமிழில் சொல்லியிருப்பாயா ஆங்கிலத்திலா என்று கேட்டேன். “போர்டுல போயி எழுதியிருப்பேன்” என்றாள்.

இங்கே மொழியின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோவது சுலபம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. தமிழில் சொல்லப்பட்டதால்தான் 703 எனக்கு எட்டியது. ஆனால் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர்களை ராங்லர் என்றார்களே, அதற்கு வாதாடுகிறவன் என்று பொருள். எழுத்துத் தேர்வு வருவதற்கு முந்திய காலத்தில் மாணவன் ஒரு கூற்றை முன்வைத்து, எதிராளிகளின் ஆட்சேபங்களுக்குச் சபையில் நின்று பதில் சொல்லவேண்டும். அதுவும் லத்தீனில் - யாருடைய தாய்மொழியும் அல்ல. ஆட்சேபத்துக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அதுதான் வித்தியாசம். நமக்கும் அரங்கேற்றம் என்றொரு வழக்கம் இருந்தது. இன்று அந்த வார்த்தையில் பொன்னாடையும் போட்டோவும்தான் மிஞ்சியிருக்கின்றன.

பிள்ளை 1950இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு. பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி செய்ய அழைப்பு. ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவுக்கு அருகே விமானம் விழுந்தது. வயது 49. அங்கே யார் என்ன கேட்டிருப்பார்கள், இவர் என்ன சொல்லியிருப்பார் என்பதெல்லாம் பாலைவனத்தோடு போயிற்று. கட்டுரைகள் மட்டும் 2010இல் தொகுப்பாக வந்திருக்கின்றன.

அதே காலத்தில் குற்றாலத்தில் இன்னொருவர் இருந்தார். ரசிகமணி டி.கே.சி., 1954இல் மறைந்தவர். அவரும் சபையில் நின்றவர்தான். கம்பன் பாட்டை எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்தி, அழுத்தி, கேட்பவன் காதில் அது பாட்டாகிவிடும்வரை விடமாட்டார். அவரிடம் எனக்குள்ள வழக்கு வேறு. கம்பராமாயணத்தில் எவை கம்பன் பாட்டு, எவை பிறர் செருகியவை என்பதைத் தம் செவியைக் கொண்டே தீர்மானித்தார்; திருத்தினார்; கழித்தார்; அப்படியே பதிப்பித்தும்விட்டார். ஏன் என்று கேட்டால் பாட்டே சொல்கிறது என்பதுதான் பதில். வல்லத்துக்கும் குற்றாலத்துக்கும் சைக்கிளில் போய்விடலாம். ஆனால் 703க்கு அவர் வழியில் விடை கிடையாது.

தமிழ் விமர்சனம் டி.கே.சி.யைக் கேலி செய்து வளர்ந்தது என்று சொல்லலாம். ரசனை வேறு, விமர்சனம் வேறு என்று நாமும் எழுதித் தீர்த்தோம். ஆனால் சிறு பத்திரிகைகளில் தீர்ப்புகள் வருகிற விதத்தைப் பார்த்தால் அவர் செவி நம் எல்லோருக்கும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது, அவருடைய குரல்தான் கிடைக்கவில்லை. ‘இது கவிதையே அல்ல’ என்று எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். எழுதிய இடங்களில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும், தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு முன்னால் என்னை நிறுத்தி, கையில் சாக்பீஸைக் கொடுத்து, ஏன் என்று கேட்டால் என்ன எழுதுவேன் என்று சில நாட்களாக யோசித்துப் பார்க்கிறேன். ஒரு குறிப்பிட்ட கவிதையை வைத்துக்கொண்டு முயன்றதில் இரண்டு வரி எழுத முடிகிறது. மூன்றாவதை வாய்விட்டுப் படித்துத்தான் காட்டவேண்டியிருக்கிறது.