மூலிகைதானே!

2022ஆம் ஆண்டின் பொருள் நெருக்கடி எம் தமையனாரையும் விட்டுவைக்கவில்லை. டீசல் வரிசையிலே நாட்கணக்காய் நின்ற லொறி உழைப்பை மறந்தது. வட்டி மட்டும் தவறாது வளர்ந்தது. நாளடைவில் அண்ணர் உறக்கம் இழந்தார்; உணவை வெறுத்தார்; விடியுமுன் எழுந்து முற்றத்து மாமரத்தைப் பார்த்தபடி இருப்பார். பேச்சுக் கொடுத்தால், "எனக்கு ஒண்டுமில்லை" என்பார்.

வீட்டிலே வைத்தியம் தொடங்கிற்று. அன்னையார் நாள்தோறும் வல்லாரைச் சம்பல் அரைத்தார். பெரியம்மா அமுக்கிராச் சூரணத்தை இரவிற் பாலிலே கலந்து கொடுத்தார். ஊர்ப் பரியாரியாரோ, "நித்திரைக்கு இது உதவும், ஆனால் தம்பியை ஆஸ்பத்திரியிலும் ஒருக்காற் காட்டுங்கோ" என்றார். அவர் கூற்றின் முற்பாதியை மட்டுமே நாம் கேட்டோம். மூலிகையின் ஆற்றலை நம்பியதிலும், ஊர் வாய்க்கு அஞ்சியதே பெரிதென இன்று ஒளியாது கூறுகின்றோம். சூரணம் உண்பவனைப் பித்தம் என்று சொல்லி மறைக்கலாம். மனநோய் வைத்தியரிடம் செல்பவனுக்கு ஊரார் வேறு பெயரன்றோ சூட்டுவர்! வீட்டிலே மணமாகாத தங்கை ஒருத்தியும் இருந்தாள்.

இரண்டு திங்களின் பின்னரே டாக்டரிடம் சென்றார். டாக்டர் செரட்ரலின் என்னுங் குளிசையைக் கொடுத்து, பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும் என்றார். காத்திருக்கும் பொறுமை எம் வீட்டில் இல்லை. அவ்வேளை ஜேர்மனியிலிருந்து அக்காள் ஒரு போத்தல் அனுப்பினார். "பூவிலை செய்தது; இஞ்சை கனபேர் பாவிக்கினம்" என்பது அவர் வாக்கு.

அப்பூ எளியதன்று. ஜூன் 24இல் வரும் யோவான் திருநாளையொட்டி மலர்வதால் மேனாட்டார் அவர் பெயராலேயே அதனை வழங்குவர். தாவரவியலார் ஹைபெரிக்கம் என்பர். 2008இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 29 பரிசோதனைகளில் 5,489 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து, மனச்சோர்வுக்கு அது மருந்தில்லாப் போலிக் குளிசையினும் மேலானது, வழக்கமான மருந்துகளுக்கு ஏறக்குறைய நிகரானது என்று கண்டது. அமுக்கிரா மனவழுத்தத்தைக் குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் சில உண்டு. எனினும் அதற்கோ வல்லாரைக்கோ இத்துணைச் சான்று இன்னும் சேரவில்லை.

ஆற்றல் உள்ள பொருள் வாளா இருக்குமோ? மூளையிலே செரட்டோனினை மிகுவிப்பது அப்பூ. டாக்டரின் குளிசையும் அதையே செய்யும். இரண்டுங் கூடினால் அளவு மீறும். குருதி உறையாதிருக்க உண்ணும் வாபரினுக்கும் கருத்தடைக் குளிசைக்கும் உள்ள வலுவையோ அப்பூ குறைத்துவிடும். இவையெல்லாம் நாம் பின்னர்க் கற்றவை.

நான்காம் நாள் இரவு அண்ணரின் கைகள் நடுங்கின. சட்டை வியர்வையில் நனைந்தது, நெஞ்சு படபடத்தது, ஓரிடத்தில் இருக்க அவரால் இயலவில்லை. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், "வேறேதும் மருந்து எடுத்தவரோ?" என்று வினவினார்.

"மருந்தொண்டும் இல்லை ஐயா; மூலிகைதான்" என்றார் அன்னையார்.

நாம் பக்கத்திலே நின்றோம், வாய் திறந்தோமில்லை. நாணம் ஒருவாறு விலகிய பின்னரே போத்தலைப் பற்றிக் கூறினோம்.

இரண்டையும் நிறுத்தினர். மறுநாள் நடுக்கம் தணிந்தது. பின்னர் டாக்டரின் மருந்து ஒன்றோடு மட்டுமே வைத்தியம் தொடர்ந்தது. மாரி கழிந்த ஒரு காலையில், அண்ணர் லொறியின் சில்லைக் காலால் தட்டிப் பார்க்கக் கண்டோம்.

இப்பொழுது அன்னையார் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். அண்ணர் உட்கொள்வன யாவும் அதிலே தேதியுடன் உண்டு. சென்ற முறை அதனை டாக்டரிடம் நீட்டி, "வல்லாரைச் சம்பலையும் எழுதோணுமோ ஐயா?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தார். "எழுதுங்கோ அம்மா" என்றார்.