ஆம்பூரில் ஒரு ஜோடி ஷூ

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில் அமைந்துள்ள ஆம்பூருக்குப் பிரியாணியோடு தோல் காலணியும் பெருமை. ஐரோப்பிய ஏற்றுமதியில் எஞ்சிய ஷூக்கள் இங்குள்ள கடைகளுக்கு வருகின்றன. நிக்காஹ் மாப்பிள்ளைகள் விரும்பி வாங்குவர். ஆனால், முன்பக்கம் பிடிக்கும்!

காரணம் உண்டு. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021–22இல் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. நம் நாட்டவர் பாதம் ஐரோப்பியரைவிட அகலமெனக் கண்டது. அதற்காக ஓர் அளவு கூட்டி வாங்கினால் குதிகால் கழன்று வரும். தோல் அகலவாட்டில் சற்று இளகும், நீளவாட்டில் இளகாது. எனவே, பாதம் சிறிது வீங்கியிருக்கும் அஸருக்குப் பின் சென்று, இரு கால்களிலும் அணிந்து நடந்து பாருங்கள். இலேசான இறுக்கமெனில், அகட்டும் கட்டையிட்டுத் தளர்த்தலாம்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு இச்சோதனையே வேண்டாம். உணர்விழந்த பாதத்தில் சிறு உரசலும் ஆறாப் புண்ணாகலாம். ஒளூச் செய்கையில் விரலிடுக்குகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.