பூட்டோடு போன பெட்டி

ஒரு சின்னக் கணக்கு. 89-ஐ 97-ஆல் பெருக்குங்கள். கால்குலேட்டர் வேண்டாம், பேப்பரும் பேனாவும் போதும். அரை நிமிடத்தில் 8,633 என்று வந்துவிடும். இப்போது இதையே திருப்பிப் போட்டு, 8,633 எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் வரும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் கேளுங்கள். விடையைப் பற்றி மூச்சு விடாதீர்கள். மூன்றால் வகுத்துப் பார்ப்பான், ஏழால் பார்ப்பான், பதினொன்று, பதின்மூன்று... அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

சேர்ப்பது சுலபம், பிரிப்பது கஷ்டம். குடும்பங்களில் இது நேர் எதிர். கணிதத்தில் இப்படித்தான்.

1977-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் என்று மூன்று பேர் இந்தக் கஷ்டத்தையே பூட்டாக்கினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வரும் எண்ணை ஊருக்கே தண்டோரா போட்டு அறிவித்துவிடலாம். அதை வைத்து யார் வேண்டுமானாலும் உங்களுக்கு ஒரு ரகசியத்தைப் பூட்டி அனுப்பலாம். திறப்பது மட்டும், பெருக்கிய அந்த இரண்டு எண்களும் தெரிந்த உங்களால்தான் முடியும். மூவரின் பெயரிலும் முதல் எழுத்தை எடுத்து ஆர்.எஸ்.ஏ. என்று பெயர் வைத்தார்கள். (பிரிட்டிஷ் உளவுத்துறையில் கிளிஃபோர்ட் காக்ஸ் என்பவர் 1973-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். அதை 1997 வரை ரகசியமாகவே வைத்திருந்தார்கள். பாவம், மனுஷன்!) நீங்கள் உட்கார்ந்த இடத்தில் ரயில் டிக்கெட் எடுத்தபோதும் பணம் அனுப்பியபோதும், திரையின் மூலையில் தெரிந்த அந்தக் குட்டிப் பூட்டுக்குப் பின்னால் இந்தக் கணக்கோ இதன் பங்காளிக் கணக்கோதான் உட்கார்ந்திருந்தது.

பிரிப்பது கஷ்டம் என்று சொன்னேன் இல்லையா? அதற்கு நிரூபணம் கிடையாது. ‘ரொம்பப் பேர் முயற்சி செய்துவிட்டார்கள், இதுவரை முடியவில்லை’ என்பதுதான் உத்தரவாதம். நான் பி.காம். படித்தவன். ஆடிட்டர் ரிப்போர்ட்டில் ‘எங்களுக்குத் தெரிந்தவரை’ என்று ஒரு வரி வரும். உலகத்தின் கல்லாப்பெட்டி மொத்தமும் அப்படி ஒரு வரியின் மேல் நிற்கிறது என்று தெரிந்தபோது வயிற்றைக் கொஞ்சம் கலக்கியது.

1977 ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர், சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் 129 இலக்க எண் ஒன்றை அச்சிட்டு, அதை வைத்துப் பூட்டிய செய்தியைத் திறந்தால் 100 டாலர் பரிசு என்றார். திறக்க எவ்வளவு காலம் ஆகும்? 400 கோடி கோடி வருடங்கள் என்று அப்போது மதிப்பிட்டார்கள். ஆனது 17 வருடம். 1994 ஏப்ரலில், இன்டர்நெட் வழியாகக் கைகோத்த சுமார் 600 பேர், ஏறத்தாழ 1,600 கணினிகளை ஓட்டி எண்ணைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே இருந்த செய்தி? எலும்பு தின்னும் கழுகு ஒன்றின் அருவருப்பு பற்றி ஏதோ பேத்தல்!

சரி என்று எண்ணைப் பெரிதாக்கினார்கள். பரவலாகப் புழங்கும் ஆர்.எஸ்.ஏ. எண்ணுக்கு 617 இலக்கம். 2020-ல் படாதபாடு பட்டுப் பிரித்தது 250 இலக்க எண். நடுவில் 2002 ஆகஸ்டில் நம் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்களும் ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று சட்டென்று சொல்லும் வழியைக் கண்டுபிடித்தபோது, ‘ஆச்சு, ஆர்.எஸ்.ஏ. கதை முடிஞ்சுது’ என்று பதறியவர்கள் உண்டு. முடியவில்லை. ஒரு பாறை பிளக்குமா என்று தெரிவது வேறு, எந்த இடத்தில் உளி வைப்பது என்று தெரிவது வேறு.

நிஜமான இடி 1994-லேயே விழுந்திருந்தது. அந்த 600 பேர் எண்ணைப் பிரித்த அதே வருடம், பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் ஒரு வழிமுறை எழுதினார். குவாண்டம் கணினி என்று ஒன்றைக் கட்ட முடிந்தால், அதில் பெரிய எண்ணைப் பிரிப்பது வாழைப்பழம் உரிப்பது மாதிரி. பங்காளிக் கணக்குகளும் தப்பாது. அப்போது அந்தக் கணினி இல்லை. 2001-ல் ஐ.பி.எம். காரர்கள் ஷோரின் முறையில் 15-ஐப் பிரித்தார்கள். மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் பதினைந்து. சிரிக்காதீர்கள்.

617 இலக்க எண்ணைப் பிரிக்க இரண்டு கோடி க்யூபிட்டும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று 2019-ல் கூகுளின் கிரெய்க் கிட்னியும் அவருடைய சகாவும் கணக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் அதே கிட்னி, பத்து லட்சம் க்யூபிட் கூட வேண்டாம், ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம் என்று திருத்திப் போட்டார். 2023 டிசம்பரில் ஐ.பி.எம். காட்டிய சில்லில் இருந்தது 1,121 க்யூபிட். தூரம் ஜாஸ்திதான். ஆனால் பாருங்கள், ஆறே வருடத்தில் இலக்கு இருபதில் ஒரு பங்காகச் சுருங்கி, தானாகவே நம்மை நோக்கி நடந்து வந்திருக்கிறது.

‘மெஷின் வரட்டுமே சார், வந்தப்புறம் பூட்டை மாத்திக்கலாம்’ என்கிறீர்களா?

பூட்டை உடைக்கத் தெரியாத திருடன் என்ன செய்வான்? பெட்டியைப் பூட்டோடு தூக்கிக்கொண்டு போவான். கடப்பாரை கிடைக்கிற நாள் வரை பரணில் வைத்திருப்பான். இதில் ஒரு கூடுதல் வசதி வேறு. கம்பியில் போகிற செய்தியை அவன் நகல் எடுத்தால், உங்கள் பெட்டி உங்களிடமே இருக்கும். களவு போனதே உங்களுக்குத் தெரியாது.

கற்பனை என்று நினைக்காதீர்கள், நடந்திருக்கிறது. 1943 பிப்ரவரியில் அமெரிக்க ராணுவத்தின் சங்கேதப் பிரிவு, வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் ஹால் என்ற இடத்தில் ஒரு குவியலைப் பிரிக்க ஆரம்பித்தது. அமெரிக்காவிலிருந்த சோவியத் அலுவலகங்கள் மாஸ்கோவுக்கு அனுப்பிய தந்திகளின் நகல்கள். ஆரம்பித்தவர் ஜீன் கிரேபீல், முன்னாள் பள்ளிக்கூட டீச்சர். சோவியத்காரர்கள் வைத்திருந்த முறையில் சங்கேதப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் எந்தக் கொம்பனாலும் உடைக்க முடியாது, இதற்கு நிரூபணமே உண்டு. ஆனால் யுத்த நெருக்கடியில், அச்சடித்தவர்கள் சில பக்கங்களை இரண்டு தடவை அச்சடித்துவிட்டார்கள்.

இதை 1943 அக்டோபரில் மோப்பம் பிடித்தவர் ரிச்சர்ட் ஹாலக் என்ற லெப்டினென்ட். எங்கே பிடித்தார் தெரியுமா? உளவுத் தந்தியில் இல்லை, வியாபாரத் தந்தியில். சரக்கு, கப்பல், எண்ணிக்கை என்று ஒரே மாதிரி ஓடும் சலிப்பான தந்திகளில். பி.காம். காரனாக எனக்கு இதில் கொஞ்சம் பெருமை. (ஹாலக்கின் சொந்தத் தொழில் தொல்லியல். பின்னாளில் பாரசீகத்தின் பெர்சிபோலிஸ் களிமண் பலகைகளைப் படித்துப் புத்தகம் போட்டார். அவையும் தானியம், ஒயின் பட்டுவாடாக் கணக்குதான். மனுஷருக்குக் கணக்குப்பிள்ளை ராசி.)

அப்புறம் வருடக்கணக்கில் உட்கார்ந்து தந்தி தந்தியாக உரித்தார்கள். யுத்த காலத்தில் போன தந்திகளை வைத்து, அணுகுண்டு ரகசியத்தைக் கொடுத்த க்ளாஸ் ஃபுக்ஸை 1949-ல் அடையாளம் கண்டார்கள். 1950-ல் அவருக்குச் சிறை. வெனோனா என்று பெயரிட்ட அந்த வேலையை இழுத்து மூடியது 1980 அக்டோபரில். 1940-களில் பூட்டிய பெட்டிகளை எழுபதுகளிலும் நோண்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.காம். முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம். மெஷினுக்குப் பத்து வருடம், நாற்காலிக்கு ஐந்து வருடம் என்று ஆயுள் போட்டு வருடாவருடம் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவோம். ரகசியத்துக்கும் அப்படி ஆயுள் உண்டு. ஓ.டி.பி.க்கு சில நிமிடம். கம்பெனியின் காலாண்டு லாபக் கணக்குக்கு அதை அறிவிக்கும் நாள் வரை. ஆனால் ஒருவருடைய எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுக்கு? தத்துக் கொடுத்த தாயின் பெயருக்கு? கொலை வழக்கில் சாட்சி சொன்னவரின் புது முகவரிக்கு? மரபணு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி உங்கள் மகளுடையது. அவளுக்கு இப்போது ஆறு வயது என்றால், அந்த ரகசியத்துக்கு எத்தனை வருடம் தேய்மானம் போடுவீர்கள்?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மிக்கேலே மோஸ்கா என்ற பேராசிரியர் இதை ஒரு கூட்டல் கணக்காக்கிவிட்டார். ரகசியத்தின் ஆயுள் எத்தனை வருடம்? பூட்டுகளையெல்லாம் மாற்றி முடிக்க எத்தனை வருடம்? இரண்டையும் கூட்டுங்கள். குவாண்டம் கணினி வர ஆகும் வருடங்களைவிட அது அதிகமாக இருந்தால், நீங்கள் இன்றைக்கே லேட். கடைசி எண் யாருக்கும் தெரியாது. நடுவில் உள்ளது சின்ன எண் இல்லை. ஏ.டி.எம்., பாஸ்போர்ட் சில்லு, மின்சார மீட்டர், மேலே சுற்றும் செயற்கைக்கோள் என்று பூட்டு தொங்காத இடமே கிடையாது. 2035-க்கு மேல் பழைய பூட்டுகளை அனுமதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய அமைப்பு 2024 நவம்பரில் ஒரு வரைவு வெளியிட்டது.

புதுப் பூட்டுக்கு எங்கே போவது? 2016-ல் நிஸ்ட் ஒரு போட்டி அறிவித்தது. அடுத்த வருடம் 69 பூட்டுகள் களத்தில் இறங்கின. இந்தப் போட்டியின் விசேஷம், உங்கள் பூட்டை உடைக்க உலகத்துக்கே அழைப்பு. எனக்கு இந்த ஆராய்ச்சியில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பார்த்துப் பார்த்துச் செய்ததை நடுத்தெருவில் வைத்து, ‘வாங்க, உடைங்க’ என்று சொல்ல எத்தனை துறைக்கு நெஞ்சு உண்டு?

உடைத்தார்கள். ரெயின்போ என்று ஒரு பூட்டு இறுதிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் வார்ட் பியூலன்ஸ் என்பவர் அதை ஒரு லேப்டாப்பை வைத்து ஒரு சனி, ஞாயிறு அவகாசத்தில் உடைக்கும் வழியைக் காட்டினார். குவாண்டமாவது ஒன்றாவது, சாதா லேப்டாப்! அதே வருடம் ஜூலையில் சைக் என்ற பூட்டு அடுத்த சுற்றுக்குத் தேறிய மாதத்திலேயே பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரு என்ற இருவர் சுமார் ஒரு மணி நேரத்தில் அதன் கதையை முடித்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது எர்ன்ஸ்ட் கானி என்ற கணித அறிஞர் 1997-ல் எழுதி வைத்த ஒரு தேற்றம். இத்தனை வருடமும் சாவி நூலகத்தில்தான் இருந்திருக்கிறது.

தேறியதில் முக்கியமான பூட்டை ஹோட்டல் பில்லை வைத்துச் சொல்லலாம். மூன்று இட்லி, இரண்டு வடை 60 ரூபாய். இரண்டு இட்லி, ஐந்து வடை 95 ரூபாய். இட்லி 10, வடை 15 என்று எட்டாம் வகுப்பு மாணவி சொல்லிவிடுவாள். இப்போது மெனுவில் நூற்றுக்கணக்கான பதார்த்தம். கல்லாவில் இருப்பவர் ஒவ்வொரு பில்லிலும் மனம் போனபடி ஒன்றிரண்டு ரூபாய் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறார். மொத்தத்தில் கடைசி சில இலக்கங்கள் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். எது என்ன விலை? எத்தனை ஆயிரம் பில்லைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாலும், குவாண்டம் கணினியையே பக்கத்தில் வைத்துக்கொண்டாலும், விலையைக் கண்டுபிடிக்க முடியாது. அதாவது இதுவரை முடியவில்லை. ஓடெட் ரெகெவ் 2005-ல் கொடுத்த கணக்கு இது. இதன் வழியில் வந்த பூட்டை நிஸ்ட் 2024 ஆகஸ்டில் தர நிர்ணயமாக அறிவித்தது.

அறிவிக்கும் முன் எட்டு நாள் ஒரு கூத்து நடந்தது. 2024 ஏப்ரல் 10-ம் தேதி யீலெய் சென் என்ற சீன ஆராய்ச்சியாளர், இந்த ரகக் கணக்கை உடைக்க ஒரு குவாண்டம் வழி இருக்கிறது என்று கட்டுரை வெளியிட்டார். ஆள் விளையாட்டுப்பிள்ளை இல்லை, விஷயம் தெரிந்தவர். இந்தத் துறையில் இருக்கிறவர்கள் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதைப் படித்தார்கள். 18-ம் தேதி இரண்டு பேர் தனித்தனியாக ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சென் அதை ஒப்புக்கொண்டு, இந்த வழி நடக்காது என்று எழுதிவிட்டார். இவ்வளவும் நடந்த வாரத்தில் நீங்களும் நானும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

அதனால்தான் புதுப் பூட்டு போட்டவர்கள் பழையதைக் கழற்றவில்லை. சிக்னல் செயலி 2023 செப்டம்பரில் மாற ஆரம்பித்தது. ஆப்பிளின் ஐமெசேஜும் க்ரோம் பிரவுசரும் 2024-ல். சிக்னலிலும் க்ரோமிலும் பாங்க் லாக்கர் ஏற்பாடுதான், இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். பழையதைக் குவாண்டம் கணினி உடைத்தால் புதியது நிற்கும். புதியதை யாராவது ஒரு சனி, ஞாயிறில் உடைத்தால் பழையது நிற்கும். உங்கள் போனிலும் இது வந்திருக்கும். நீங்கள் ஒரு பட்டனைக்கூட அமுக்கியிருக்க மாட்டீர்கள்.

அதற்கு முன்னால் போனவைதான் பாக்கி. 2023 செப்டம்பருக்கு முன் அனுப்பிய செய்தியை யாராவது நகல் எடுத்து வைத்திருந்தால், அதற்கு இனி புதுப் பூட்டு மாட்ட வழியில்லை. பத்திரிகையில் ‘பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி’ என்று படிப்பீர்களே, அவருக்குப் பெயர் உண்டு, பிள்ளைகள் உண்டு, வீட்டுக் கடன் உண்டு. அந்த வருடங்களில் எனக்குச் செய்தி அனுப்பிய அப்படிப்பட்டவர்களில் இரண்டு பேர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள். இளையவர் ஓய்வு பெற இன்னும் 14 வருடம் இருக்கிறது.