சர்வருக்கும் உண்டு இன்டர்னல் செக்!

தாலி கட்ட ஆகும் நேரம் ஒரு நிமிஷம். அதற்கு முன்னால் பத்திரிகை, பந்தக்கால், சமையல்காரர், சாமான் லிஸ்ட் என்று மூன்று மாசம் ஓடிவிடும். ஆரக்கிள் மாதிரி ஒரு பெரிய டேட்டாபேஸை சர்வரில் ஏற்றுவதும் இதே கதைதான். இன்ஸ்டாலரில் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று அமுக்கிக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். தலைவலி எல்லாம் அதற்கு முன்னாடிதான்.

“இது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் சமாச்சாரம், பி.காம். படிக்கிறவர்களுக்கு என்ன வந்தது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பெரிய கம்பெனிகளின் லெட்ஜர் இன்று இருப்பது இந்த சர்வர்களுக்குள்தான். நாளைக்கு ஆடிட்டுக்குப் போகும்போது பார்க்கப்போவது இதைத்தான். ஆடிட்டிங் பேப்பரில் இன்டர்னல் செக் என்று ஒரு பாடம் வருமே: பணம் வாங்குகிற ஆளே ரசீது போட்டு, அவரே கணக்கும் எழுதக் கூடாது என்று. சர்வர் தயாரிப்பும் கிட்டத்தட்ட அந்தப் பாடம்தான். உதாரணத்துக்கு 2019-ல் வெளியான ஆரக்கிள் 19சி-யை லினக்ஸில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

1. கொட்டேஷனிலேயே தொடங்குகிறது

சர்வர் வந்து பெட்டியைப் பிரித்த பிறகு யோசித்தால் பாதி காரியம் கெட்டுவிடும். ஆரக்கிளின் விலைப்பட்டியலில் என்டர்பிரைஸ் எடிஷனுக்கு ஒரு பிராசஸர் லைசென்ஸ் 47,500 டாலர் என்று பல வருடங்களாகப் போட்டு வந்திருக்கிறார்கள். பிராசஸர் என்று சொன்னாலும் கணக்கு கோர்களை வைத்துத்தான். இன்டெல் சிப் என்றால் இரண்டு கோருக்கு ஒரு லைசென்ஸ். 16 கோர் சர்வருக்கு 8 லைசென்ஸ், அதாவது 3,80,000 டாலர். சப்போர்ட்டுக்கு வருடா வருடம் 22 சதவீதம், அது ஒரு 83,600 டாலர். பேரம் பேசினால் குறையும், அது வேறு விஷயம். “கொஞ்சம் பணம் சேர்த்துப் போட்டு 32 கோராகவே வாங்கிடலாமே” என்று யாரோ நல்ல மனசோடு முடிவெடுத்தால் லைசென்ஸ் பில் அப்படியே இரண்டு மடங்கு. சர்வரின் விலை இதற்குப் பக்கத்தில் கொசுறு.

இன்னொரு பொறியும் உண்டு. டயக்னாஸ்டிக்ஸ் பேக், ட்யூனிங் பேக் என்று தனியாகக் காசு கட்ட வேண்டிய சில வசதிகள், என்டர்பிரைஸ் எடிஷனை ஏற்றினாலே பூட்டில்லாமல் திறந்து கிடக்கும். ஓட்டல் ரூமில் ப்ரிட்ஜ் நிறைய குளிர்பானம் இருப்பது மாதிரி. எடுத்துக் குடிக்கும்போது யாரும் தடுக்க மாட்டார்கள், காலி செய்யும்போது பில் வரும் :-) எந்த வசதியை எத்தனை முறை பயன்படுத்தினார்கள் என்று டேட்டாபேஸே உள்ளுக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. வாங்காத வசதியை முதல் நாளே அணைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

2. சாவி யாரிடம்?

லினக்ஸில் ‘ரூட்’ என்றால் சர்வ அதிகாரம் படைத்த முதலாளி. ஆரக்கிளை ரூட்டாக நுழைந்து ஏற்ற முடியாது, இன்ஸ்டாலர் ஒத்துக்கொள்ளாது. அதற்கென்று ‘ஆரக்கிள்’ என்ற பெயரில் தனி யூசரை உருவாக்க வேண்டும். அந்த யூசராலும் வேலையைத் தனியாக முடிக்க முடியாது. கடைசியில் இன்ஸ்டாலர் நின்றுவிடும், “ரூட் வந்து இந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டட்டும்” என்று. செக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பாஸ் ஆகும் என்பார்களே, அதுதான் இது.

குரூப்களும் அப்படித்தான். டேட்டாபேஸை முழுசாக ஆள ஒரு குரூப், நிறுத்திக் கிளப்ப மட்டும் ஒன்று, பேக்கப் எடுக்க ஒன்று, என்க்ரிப்ஷன் சாவிகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், அவசரத்தில் எல்லாக் கேள்விக்கும் ‘டிபிஏ’ என்ற ஒரே குரூப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இன்ஸ்டாலர் ஆட்சேபிக்காது. அந்த குரூப்பில் இருக்கிற ஒருவர் சர்வருக்குள் நுழைந்துவிட்டால், டேட்டாபேஸ் பாஸ்வேர்டே இல்லாமல் உச்ச அதிகாரத்தோடு உள்ளே போகலாம். பேக்கப் எடுக்க வந்த பையன் சம்பளப் பட்டியலைத் திருத்த முடியும் என்று அர்த்தம்.

அதைவிட மோசம், நாலு பேர் ஒரே ‘ஆரக்கிள்’ லாகினைப் பகிர்ந்துகொள்வது. நாளைக்கு ஏதாவது நடந்தால் பதிவேட்டில் ‘ஆரக்கிள்’ என்று மட்டும்தான் இருக்கும். அந்த நாலு பேரில் யார்? கடைசியில் மாட்டுவது பெரும்பாலும் ஜூனியராக இருக்கிறவர். அவரவர் பெயரில் லாகின் போட்டு உள்ளே வந்து, அங்கிருந்து அதிகாரம் வாங்கிக்கொள்ளும்படி முதலிலேயே அமைத்துவிட்டால், செய்யாத தப்புக்கு ஒருவர் தலைகுனிய வேண்டியதில்லை.

3. கையிருப்பும் ஓவர்டிராப்ட்டும்

ராம் என்பது கையிருப்பு. ஸ்வாப் என்பது ஓவர்டிராப்ட், அதாவது மெமரி தீர்ந்தால் டிஸ்க்கில் வாங்கும் கைமாற்று. ஆரக்கிள் கேட்கும் கணக்கு எளிது: ராம் 2 முதல் 16 ஜிபி வரை என்றால் ஸ்வாப்பும் அதே அளவு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 16 ஜிபி போதும். டெம்ப் போல்டரில் 1 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பைல் திறக்கலாம் என்ற உச்சவரம்பை அந்த யூசருக்கு 65,536 வரை ஏற்றி வைக்க வேண்டும்.

இதில் பலரும் தாண்டிப் போகிற ஒன்று ஹியூஜ் பேஜஸ். லினக்ஸ் மெமரியை 4 கேபி துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது. டேட்டாபேஸுக்கு 32 ஜிபி பொது மெமரி ஒதுக்கினால் அது 83,88,608 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் குறிப்பு. ஒரு இணைப்பு அந்த மெமரி முழுவதையும் தொட்டால் அதன் குறிப்பேடு மட்டும் 64 எம்பி. 200 பேர் இணைந்தால் 12,800 எம்பி, கிட்டத்தட்ட 12.5 ஜிபி, கணக்கு எழுதவே போய்விடும்! கல்லாவில் இருக்கும் பணத்தில் ஒரு பெரிய பங்கு நோட்டுப் புத்தகச் செலவுக்கே போன மாதிரி. துண்டை 2 எம்பி ஆக்கிவிட்டால் வெறும் 16,384 துண்டு, குறிப்பேடு ஆளுக்கு 128 கேபி. இதைச் செய்யாத சர்வர் சாதாரண நாளில் நன்றாகத்தான் ஓடும். மாசக் கடைசியில் எல்லாரும் ஒன்றாக உள்ளே வரும்போது மெமரி தீர்ந்து, லினக்ஸ் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்றுவிட்டு மூச்சு வாங்கும். அது டேட்டாபேஸின் முக்கியமான புராசஸாக இருந்தால் மொத்தமும் படுத்துவிடும். பதிந்து முடித்த கணக்கு அழியாது, மறுபடி எழுந்ததும் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் சம்பள நாளன்று அந்த இடைவெளியை யார் தாங்குவது?

4. கடிகாரம்

சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் காமர்ஸ்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. ‘இன்றைய தேதி என்ன?’ என்று டேட்டாபேஸைக் கேட்டால், அது சர்வர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். சர்வரை உலகப் பொது நேரத்தில் விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். இந்திய நேரம் ஏப்ரல் 1 காலை 5 மணி என்றால் அங்கே இன்னும் மார்ச் 31 இரவு 11.30. விடியற்காலையில் போட்ட எண்ட்ரி போன நிதியாண்டில் போய் விழும். ஒரு செட்டிங்கால் வருடமே மாறுகிறது.

5. பெயர்

எழுத்துத் தொகுப்பையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். யூனிகோட் இல்லாத தொகுப்பை எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். யூனிகோட் எடுத்தாலும் அளவு முக்கியம். ‘தமிழ்ச்செல்வன்’ கண்ணுக்கு 8 எழுத்து. உள்ளே 14 குறியீடு, குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 42 பைட். பெயருக்கு 40 பைட் ஒதுக்கியிருந்தால் தமிழ்ச்செல்வனுக்கு இடமில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, “இதற்கெல்லாம் ப்ரீஇன்ஸ்டால் பேக்கேஜ் இருக்கிறதே, ஒரே கட்டளையில் முடிந்துவிடுமே” என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லலாம். உண்மைதான். யூசர், குரூப், உச்சவரம்பு எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். ஆனால் அது போடுகிற ‘ஆரக்கிள்’ யூசர் எல்லா குரூப்பிலும் உறுப்பினர். அந்த லாகினை யார் யாரிடம் கொடுப்பது, எத்தனை கோர் வாங்குவது, எத்தனை ஹியூஜ் பேஜ் ஒதுக்குவது என்பதெல்லாம் பேக்கேஜுக்குத் தெரியாது. மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், செய்ததை எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, நாளைக்கு ஆடிட்டுக்குப் போகும் இடத்தில் வவுச்சரைப் புரட்டும் முன் ஒன்று கேளுங்கள்: “இந்த சர்வரைத் தயார் செய்தபோது எழுதி வைத்த தாள் இருக்கிறதா?” இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லை என்றால், அன்றைக்கு எழுத வேண்டிய முதல் குறிப்பு அதுதான்.